வீட்டிலேயே பாட்டுப் பதிவு: எதை முதலில் வாங்குவது?

சொந்தமாக மெட்டுப் போட்டு, வீட்டிலேயே பாடிப் பதிய விரும்பும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இம்முறை பதில்.

கேள்வி: நானே எழுதி மெட்டுப் போட்ட பாட்டுகளை இதுவரை கைபேசியில்தான் பதிந்து வைத்திருக்கிறேன். 8 ஜிபி ரேம் உள்ள விண்டோஸ் லேப்டாப் இருக்கிறது. கையில் 25,000 ரூபாய் உண்டு. வீடு மெயின் ரோட்டை ஒட்டியது. என்னென்ன வாங்கலாம்?
– திருச்சி வாசகி

பதில்: மொத்தத்தையும் மைக்கிலேயே கொட்டிவிடாமல் இருந்தால் அந்தத் தொகை போதும். உங்களுக்குத் தேவை ஆடியோ இன்டர்பேஸ், மைக், ஹெட்போன், ஸ்டாண்ட், எக்ஸ்எல்ஆர் கேபிள் (மூன்று பின் உள்ள மைக் வயர்), பாப் ஃபில்டர் (மைக்கில் மோதும் காற்றைத் தடுக்கும் திரை). லேப்டாப் தாராளம். பத்துப் பதினைந்து ட்ராக் (தனித்தனியாகப் பதிந்த ஒலி அடுக்கு) உள்ள பாட்டை 8 ஜிபி தாங்கும்.

இன்டர்பேஸ் என்பது மைக்கின் சன்னமான மின்சாரத்தைப் பெருக்கி, எண்களாக மாற்றி யுஎஸ்பி வழியே லேப்டாப்புக்கு அனுப்பும் பெட்டி. நீங்கள் ஒருவரே பாடுவதால் ஒரு மைக் உள்ளீடு இருந்தாலே போதும். ஆனால் 48 வோல்ட் பொத்தான் (கண்டென்சர் வகை மைக்குக்கு மின்சாரம் தருவது), 'டைரக்ட் மானிட்டர்' வசதி (உங்கள் குரலை நேராகக் காதுக்குத் தருவது), 24 பிட் பதிவு மூன்றும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பெரிங்கர் யுஎம்சி202எச்டி, ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ இரண்டிலும் இவை உண்டு. வாத்தியத்தையும் குரலையும் தனித்தனி மைக்கில் ஒரே நேரத்தில் பதியும் எண்ணம் இருந்தால் மட்டும் இரண்டு மைக் உள்ளீடு பாருங்கள்.

மைக் விஷயத்தில் பலர் கண்டென்சர் என்ற நுட்பமான வகைக்குத்தான் போகச் சொல்வார்கள். உங்கள் வீட்டுக்கு அது வேண்டாம். கண்டென்சர் உங்கள் மூச்சை நுட்பமாகப் பிடிக்கும். பேருந்து ஹாரனையும் பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலையும் அதே நுட்பத்தோடு பிடிக்கும். ஷூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக்கை (அவ்வளவு நுட்பமில்லாத, 48 வோல்ட் தேவைப்படாத வகை) வாய்க்கு நான்கு விரல் தூரத்தில் வைத்துப் பாடினால் குரல் முன்னால் நிற்கும், தெருச் சத்தம் பின்னால் போய்விடும். 1966 முதல் மேடைகளில் அடிபட்டுத் தேறிய மைக் அது. அதன் வெளியீடு கொஞ்சம் சன்னம் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். மெல்லப் பாடுபவர் அதை ஒரு சாண் தள்ளி வைத்தால் கெயினை (இன்டர்பேஸில் ஒலியைப் பெருக்கும் குமிழ்) கடைசி வரை திருக வேண்டிவரும், கூடவே இரைச்சலும் ஏறும். ரொம்பவும் நெருங்கினால் குரலின் அடிப்பகுதி வீங்கிக் கேட்கும். நான்கு விரல்தான் கணக்கு. அமைதியான உள்அறை உள்ளவர்கள் ஆடியோ-டெக்னிகா ஏடி2020 போன்ற கண்டென்சரைத் தாராளமாக எடுக்கலாம்.

ஹெட்போனில் மிச்சம் பிடிக்காதீர்கள். காதை முழுதாக மூடும், வயர் உள்ள ஹெட்போனே வேண்டும். திறந்த வகையாக இருந்தால் தம்பூராவும் மெட்ரோனோம் தட்டும் கசிந்து மைக்குக்குள் போகும். குரலில் ஒட்டிக்கொண்ட தட்டுச் சத்தத்தைப் பிறகு எடுக்கவே முடியாது. ஏடிஎச்-எம்20எக்ஸ் தொடக்கத்துக்கு நல்ல தேர்வு. பாப் ஃபில்டருக்குக் காசில்லையென்றால் எம்பிராய்டரி வளையத்தில் மெல்லிய நைலான் ஸ்டாக்கிங்கை இழுத்துக் கட்டுங்கள். 'பா', 'பூ' என்று தொடங்கும் வரிகளில் மைக்கில் மோதும் காற்றை அது தடுத்துவிடும். ஸ்பீக்கரை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: ஆன்லைனில் 2,000 ரூபாய்க்குள் ஒரு கண்டென்சர் மைக் செட் வாங்கினேன். இயர்போன் முனை போன்ற பின்னோடு ஒரு கேபிளும் வந்தது. லேப்டாப்பில் சொருகினால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது, 'உஸ்' என்ற இரைச்சல்தான் பெரிதாக இருக்கிறது. மைக் பழுதா?
– ஈரோடு வாசகர்

பதில்: மைக் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், பட்டினி கிடக்கிறது. இந்த வகை மைக்குக்கு 48 வோல்ட் ஃபேன்டம் பவர் வேண்டும். லேப்டாப்பின் மைக் துளையில் வருவது சில வோல்ட்தான். அதனால் ஒலி சன்னமாகிறது. நீங்கள் அளவைக் கூட்டக் கூட்ட லேப்டாப்பின் சொந்த இரைச்சல் மேலே வருகிறது. மைக்கின் அடியில் மூன்று பின் உள்ள எக்ஸ்எல்ஆர் இணைப்பு இருந்தால், இருபக்கமும் எக்ஸ்எல்ஆர் உள்ள கேபிள் ஒன்று வாங்கி இன்டர்பேஸில் செருகி, 48 வோல்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். பொத்தானைப் போடும்போதும் அணைக்கும்போதும் ஹெட்போன் ஒலியைக் குறைத்து வையுங்கள், இல்லையென்றால் 'டப்' என்று காதில் அறையும்.

கேள்வி: எங்கள் வீட்டில் மொசைக் தரை, வெறும் சுவர். பாடினால் எதிரொலி. சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டலாமா?
– நாகர்கோவில் வாசகர்

பதில்: ஒட்டாதீர்கள். முட்டை அட்டை மெல்லிய காகிதக்கூழ். கீச்சென்ற உச்ச ஒலியில் கொஞ்சத்தை மட்டும் விழுங்கிவிட்டு, குரலின் உடம்பு இருக்கும் நடுப்பகுதியை அப்படியே திருப்பி அனுப்பும். தீப்பிடித்தால் பற்றி எரியும், கரப்பான் குடியேறும். ஓர் அங்குல ஃபோமும் ஏறக்குறைய இதே கதைதான். வெளிச்சத்தம் உள்ளே வராமல் தடுக்க இவை எதனாலும் முடியாது. அதற்குக் கனமான சுவரும் இடுக்கில்லாத கதவும் வேண்டும். எதிரொலியைக் குறைப்பது வேறு வேலை, அதை வீட்டுப் பொருள்களை வைத்தே செய்யலாம்.

அறையின் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். 'ணங்' என்று ஒரு சிணுங்கல் தொடர்ந்தால், இரண்டு வெற்றுச் சுவர்களுக்கு இடையே ஒலி பந்தாடுகிறது என்று அர்த்தம். துணி நிறைந்த அலமாரி, கட்டில், திரைச்சீலை உள்ள படுக்கையறைக்கு மாறினாலே பாதிக்கு மேல் அடங்கிவிடும். அடுத்து, ஓர் இலவம்பஞ்சு மெத்தையைச் செங்குத்தாக நிறுத்துங்கள். அதை எங்கே நிறுத்துவது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். மைக்குக்குப் பின்னால் அல்ல, பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் நிறுத்த வேண்டும். கார்டியாய்டு மைக்குக்கு, அதாவது முன்பக்க ஒலியையே அதிகம் பிடிக்கும் வகைக்கு, பின்பக்கம் காது மந்தம். அது பார்த்துக்கொண்டிருப்பது உங்கள் முகத்தையும் அதன் பின்னாலுள்ள சுவரையும். அந்தச் சுவரை மூடினால் போதும். காலடியில் தடித்த ஜமுக்காளம் விரியுங்கள். அறையின் மூலையிலும் சரி நடுமையத்திலும் சரி நிற்க வேண்டாம். மூலையில் அடியொலி திரண்டு வீங்கும், மையத்தில் அதுவே மெலிந்துபோகும்.

நிரந்தரமாக ஏதாவது செய்ய நினைத்தால் ராக்வுல் (பாறையை உருக்கி இழையாக்கிச் செய்த பலகை) வாங்குங்கள். கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியில் 2 அங்குலப் பலகை இரண்டை அடுக்கி, 4 அடிக்கு 2 அடி மரச்சட்டத்தில் பொருத்தி, மேலே பருத்தித் துணியைப் போர்த்துங்கள். துணியில் வாய் வைத்து ஊதினால் காற்று அந்தப் பக்கம் போக வேண்டும். போகாவிட்டால் ஒலியும் போகாது. வெட்டும்போது முகக்கவசமும் கையுறையும் கட்டாயம், அந்த இழை தோலை அரிக்கும். சுவரோடு ஒட்டாமல் இரண்டு அங்குலம் தள்ளி மாட்டினால் பலன் கூடும்.

பதியும்போது மின்விசிறியும் ஃபிரிட்ஜும் ஓடக்கூடாது. இதற்கு மென்பொருள் வைத்தியம் தேடாதீர்கள். விசிறிச் சத்தத்தை நீக்கும் கருவிகள் குரலின் 'ஸ', 'ஹ' ஒலிகளையும் சேர்த்துக் கரைத்துவிடும்.

கேள்வி: பாடும்போது என் குரலே ஹெட்போனில் தாமதமாகக் கேட்கிறது. தாளம் தப்பிப்போகிறது. எப்படிச் சரிசெய்வது?
– மதுரை வாசகி

பதில்: ப்ளூடூத் ஹெட்போனா என்று முதலில் பாருங்கள். ஆம் என்றால் பதிவுக்கு அது ஆகவே ஆகாது, அந்தத் தாமதத்தை எந்த செட்டிங்கும் தீர்க்காது. வயர் ஹெட்போன் என்றால் அதை லேப்டாப்பில் அல்ல, இன்டர்பேஸில் செருகி டைரக்ட் மானிட்டரைப் போடுங்கள். குரல் லேப்டாப்புக்குப் போய்த் திரும்பாமல் நேராகக் காதுக்கு வரும். அப்போது மென்பொருளில் அந்த ட்ராக்கின் மானிட்டர் பொத்தானை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் குரல் இரட்டையாகக் கேட்கும்.

விண்டோஸில் இன்டர்பேஸ் கம்பெனியே தரும் ஏசியோ டிரைவரை (தாமதத்தைக் குறைக்கும் இணைப்பு மென்பொருள்) நிறுவி, மென்பொருளில் அதையே தேர்ந்தெடுங்கள். பஃபர் அளவு (லேப்டாப் ஒரு தடவையில் கையாளும் ஒலித் துணுக்குகளின் எண்ணிக்கை) 128 என்றால், நொடிக்கு 48,000 துணுக்கு என்ற கணக்கில் ஒருபக்கத் தாமதம் 2.7 மில்லிசெகண்ட், 1024 என்றால் 21. பாடும்போது 128, ட்ராக்குகளைக் கலந்து மிக்ஸ் செய்யும்போது 1024 என்று வையுங்கள். 128-இல் பட்பட்டென்று வெடித்தால் 256-க்குப் போங்கள்.

கேள்வி: இலவசமாக எந்த மென்பொருள் நல்லது? என் மெட்டு கண்ட சாபுவில் இருக்கிறது, மெட்ரோனோம் நான்கு நான்காகத்தான் தட்டுகிறது.
– தஞ்சாவூர் வாசகர்

பதில்: மேக் அல்லது ஐபோன் இருந்தால் காரேஜ்பேண்ட் இலவசம். விண்டோஸில் டிராக்ஷன் நிறுவனத்தின் வேவ்ஃபார்ம் ஃப்ரீ இருக்கிறது. எங்கள் தேர்வு ரீப்பர். 60 நாள் முழுதாகப் பயன்படுத்திப் பார்க்கலாம், அதன்பின் தனிநபர் உரிமம் 60 டாலர். பழைய லேப்டாப்பிலும் இலகுவாக ஓடும். வாத்திய ஒலிகள் அதில் மிகக் குறைவு என்பதால் டீசென்ட் சாம்ப்ளர் போன்ற இலவச பிளக்-இன்னை (மென்பொருளுக்குள் இயங்கும் துணைக் கருவி) சேர்த்துக்கொள்ளுங்கள். குரலை மட்டும் வெட்டி ஒட்ட ஆடாசிட்டி போதும், கீபோர்டு வாசித்து இசை சேர்க்க அது உதவாது.

கண்ட சாபுவுக்கு ப்ராஜெக்ட் செட்டிங்கில் தாள அளவை 5/8 என்று மாற்றுங்கள். மிஸ்ர சாபுவுக்கு 7/8. பெரும்பாலான மென்பொருள்கள் வேகத்தைக் கால் நோட்டுக் கணக்கில் காட்டுகின்றன. எனவே 80 என்று வைத்தால் எட்டில் ஒரு பங்கு நோட்டின் தட்டு 160 வேகத்தில் விழும். தட்டு விரட்டுவதுபோல் தோன்றினால் எண்ணைப் பாதியாக்குங்கள்.

சுருதியையும் இப்போதே எழுதி வையுங்கள். ஒரு கட்டை சி, இரண்டு கட்டை டி, ஐந்து ஜி, ஐந்தரை ஜி ஷார்ப். வீட்டுப் பழைய ஆர்மோனியத்தை வைத்துப் பாடிவிட்டு, அதன்மேல் கீபோர்டு சேர்க்கப் போய்த் திண்டாடுபவர்கள் நிறைய. ட்யூனர் செயலியில் ஆர்மோனியத்தின் ஸட்ஜத்தைச் சோதியுங்கள். கீபோர்டு பின்பற்றும் 440 ஹெர்ட்ஸ் கணக்கிலிருந்து அது விலகி நின்றால் தம்பூரா செயலியை ஹெட்போனில் வைத்துப் பாடுங்கள்.

கேள்வி: லேப்டாப் சார்ஜரைச் செருகியதும் பதிவில் 'ங்ங்' என்று ரீங்காரம் வருகிறது.
– வேலூர் வாசகர்

பதில்: சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஒரு நிமிடம் பதிந்து பாருங்கள். ரீங்காரம் போய்விட்டால் எர்த் கோளாறுதான். மூன்று பின் சார்ஜரை இரண்டு துளை அடாப்டரில் செருகியிருந்தால் மாற்றுங்கள். எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில், எர்த் சரியாக உள்ள மூன்று துளை சாக்கெட்டிலிருந்து எடுங்கள். ரீங்காரத்தைப் போக்க எர்த் பின்னை வெட்டச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். மைக்கின் உலோகத்தில் உதடு படும்போது ஷாக் அடிக்கும். சாக்கெட்டில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வரவழைத்துப் பார்க்கும்வரை பேட்டரியிலேயே பதியுங்கள்.