ஒரே கறிவேப்பிலை, இரண்டு ரிப்போர்ட்: எதை நம்புவது?

காரமடைப் பக்கம் கறிவேப்பிலை பயிரிடும் ஒரு வாசகர் கேட்கிறார்: "ஐரோப்பாவுக்கு அனுப்பும் வியாபாரி பூச்சிமருந்து எச்சப் பரிசோதனை ரிப்போர்ட் கேட்டார். ஒரே தோட்டத்து இலையை இரண்டு லேபுக்குக் கொடுத்தேன். ஒன்றில் குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்து கிலோவுக்கு 0.04 மில்லிகிராம் என்று வந்தது. இன்னொன்றில் 'கண்டறியப்படவில்லை'. நான் அந்த மருந்தை அடிக்கவே இல்லை. எது சரி?"

இரண்டுமே சரியாக இருக்கலாம். இரண்டாவது ரிப்போர்ட்டில் எல்.ஓ.கியூ என்று ஓர் எண் இருக்கிறதா பாருங்கள். அந்த லேப் நம்பிக்கையோடு அளந்து சொல்லக்கூடிய மிகக் குறைந்த அளவு அது. அதற்குக் கீழே இருப்பதைப் பல இடங்களில் 'கண்டறியப்படவில்லை' என்றே எழுதிவிடுகிறார்கள். அங்கே 0.05 என்று போட்டிருந்தால் உங்கள் 0.04 அதில் தெரியவே தெரியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் குளோர்பைரிபாஸுக்கு அனுமதியை நிறுத்தி, உணவில் அதன் உச்சவரம்பை 0.01 ஆக இறக்கிவிட்டது. அதனால் எல்.ஓ.கியூ 0.01க்கு மேல் இருக்கும் ரிப்போர்ட் உங்களுக்கு உதவாது, அதில் எவ்வளவு நல்ல செய்தி இருந்தாலும் சரி.

அளவீட்டில் ஏற்ற இறக்கமும் உண்டு. ஐரோப்பிய அதிகாரிகள் வழக்கமாக 50 சதவீதம் கழித்துவிட்டுத்தான் வரம்போடு ஒப்பிடுவார்கள். 0.04இல் பாதி போனாலும் 0.02 நிற்கிறது. ஆக, அந்தச் சரக்கு தேறாது.

கறிவேப்பிலையை ஆய்வு செய்வது தக்காளியைச் செய்வது போல் சுலபமல்ல. இலையை அரைத்து, அசிட்டோநைட்ரைல் ஊற்றிக் குலுக்கி, மெக்னீசியம் சல்பேட்டும் உப்பும் போட்டு மருந்தைப் பிரித்தெடுப்பார்கள். 2003இல் வெளியான குவெச்சர்ஸ் முறை இது. மருந்தோடு பச்சையமும் வாசனை எண்ணெயும் சேர்ந்து வந்து கருவியைக் குழப்பும். அதனால் மருந்தில்லாத கறிவேப்பிலைச் சாற்றிலேயே அளவுகோலை, அதாவது ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான தெரிந்த அளவு மருந்துக் கரைசலை, தயாரித்தார்களா என்று கேளுங்கள். தெரிந்த அளவு மருந்தைக் கலந்து பார்த்தபோது எவ்வளவு திரும்பக் கிடைத்தது என்றும் கேளுங்கள். 70 முதல் 120 சதவீதம் வரை ஏற்கத்தக்கது. பதில் சொல்லத் தயங்கும் லேபுக்கு நான் மாதிரி அனுப்பமாட்டேன். லேபுகளுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல்லின் முத்திரை இருந்தால் மட்டும் போதாது, அங்கீகாரப் பட்டியலில் இந்த மருந்தும் இந்த வகை இலையும் இருக்க வேண்டும்.

ஆனால் நான் பார்த்தவரை பெரும்பாலான குழப்பம் லேபில் இல்லை, மாதிரி எடுப்பதில்தான். வரப்போரச் செடியில் ஒரு கட்டு, நடுத்தோட்டத்தில் ஒரு கட்டு எடுத்து ஆளுக்கொன்றாக அனுப்பினால் முடிவு மாறத்தான் செய்யும். தோட்டம் முழுக்கப் பல இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் பறித்து, ஒன்றாகக் கலந்து, அதிலிருந்து ஒரு கிலோ வீதம் இரண்டு பங்காகப் பிரியுங்கள். கழுவாதீர்கள். சுத்தமான பாலிதீன் பையில், ஐஸ் வைத்த பெட்டியில், அன்றைக்கே அனுப்புங்கள். காயவைத்தும் அனுப்பக் கூடாது. பச்சை இலையில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். அது போய்விட்டால் அதே மருந்து கிட்டத்தட்ட மூன்று மடங்காகத் தெரியும்.

அடிக்காத மருந்து எப்படி வந்தது? பக்கத்துக் காட்டில் அடித்தது காற்றில் வந்திருக்கலாம். இரவல் ஸ்பிரேயரின் டேங்கில் ஒட்டியிருந்திருக்கலாம். கரையானுக்கு எப்போதோ மண்ணில் ஊற்றியதையும் யோசித்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் கிணற்றுத் தண்ணீரை விட மேல் 15 சென்டிமீட்டர் மண்ணைச் சோதிப்பதே பயன் தரும். இந்த மருந்து தண்ணீரில் அதிகம் கரையாது, மண்ணோடு இறுக ஒட்டிக்கொள்ளும். வரப்போர இலையையும் நடுத்தோட்ட இலையையும் தனித்தனியாக ஒருமுறை ஆய்வுக்குக் கொடுங்கள். ஓரத்தில் மட்டும் அதிகம் வந்தால் காற்றுதான் காரணம். அப்போது ஓர வரிசைகளை உள்ளூர்ச் சந்தைக்குத் திருப்பிவிடாமல், பக்கத்துக்காரரிடம் பேசி மருந்தடிக்கும் நேரத்தை மாற்றச் சொல்லுங்கள். அந்த இலையைச் சாப்பிடுவது நம் ஊர்ப் பிள்ளைகள்தானே.