என் அம்மா மிட்டாய் விளையாட்டுக்கு அடிமையாகிவிட்டார்

வணக்கம் மேடம்,

என் அம்மாவைப் பற்றித்தான் எழுதுகிறேன். வயது 61. அப்பாவோடு கும்பகோணத்தில் இருக்கிறார். நான் சென்னையில் ஐடி வேலை, கணவர், ஒரு பையன். பேரன் போட்டோவை வாட்ஸ்அப்பில் பார்க்கட்டுமே என்று என் பழைய போனை அம்மாவுக்குக் கொடுத்தேன். லீவுக்குப் போன என் பையன் அதில் ஒரு மிட்டாய் விளையாட்டை ஏற்றிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டான். ஒரே நிற மிட்டாய் மூன்றை வரிசையாகச் சேர்த்தால் வெடிக்கும், அவ்வளவுதான். அன்றிலிருந்து அம்மா அம்மாவாகவே இல்லை.

சமையலை முடித்துவிட்டு உட்கார்ந்தால் வாசலில் யார் கூப்பிட்டாலும் காதில் விழுவதில்லை. அப்பா என்னிடம் போனில் புலம்புகிறார். இரண்டாவது காபி நேரத்துக்கு வருவதில்லையாம், ஒரு நாள் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டதாம். கண் என்ன ஆவது மேடம்? ஏற்கெனவே கண்ணாடி. பொங்கலுக்குப் போயிருந்தபோது நானே பார்த்தேன். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, ஆட்காட்டி விரலைத் திரைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி எங்கே வைப்பது என்று யோசித்துக்கொண்டே இருக்கிறார். தோற்றதும், "சே, ஒரே ஒரு ஜெல்லிதான்டி பாக்கி இருந்தது!" என்று சின்னப் பிள்ளை மாதிரி கோபம். ஒரே லெவலில் வாரக்கணக்கில் மாட்டிக்கொண்டிருக்கிறார், ஆனாலும் விடுவதாக இல்லை. உயிர் தீர்ந்துபோனால் என் பையனுக்கு "ஒரு உயிர் அனுப்புடா கண்ணு" என்று மெசேஜ் வருகிறது. அத்தை எல்லார் முன்னாலும் கேலி செய்தார், அம்மா சிரித்துக்கொண்டே விளையாடுகிறார்.

கழுத்து வலிக்கும், கண் கெடும் என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். முன்பெல்லாம் ராத்திரி ஒன்பது மணி ஆனால் அம்மாவிடமிருந்து போன் வந்துவிடும், சாப்பிட்டியா, என்ன குழம்பு என்று, மீட்டிங் நடுவில் வந்தால் எனக்கு எரிச்சலாகக்கூட இருக்கும், இப்போது அது வருவதில்லை, நானாகக் கூப்பிட்டாலும் பின்னால் அந்த விளையாட்டுச் சத்தம்தான், சரி அது கிடக்கட்டும், எனக்குக் கவலை அவர் உடம்பைப் பற்றித்தான். அப்பாவும் பாவம், இந்த வயதில் காபிக்குக் காத்திருக்கிறார். போனைப் பிடுங்கிவிடு என்கிறார். பிடுங்கிவிடலாமா? இது போதைதானே மேடம்?

– ஒரு மகள், சென்னை

அன்புத் தோழிக்கு,

கண், கழுத்து, அப்பாவின் காபி எல்லாவற்றையும் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறீர்கள். ஒன்பது மணி போனை மட்டும் ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு, "அது கிடக்கட்டும்" என்று தள்ளிவிட்டீர்கள். என்னால் அதை அப்படித் தள்ள முடியவில்லை. இந்தக் கடிதத்தை உங்களை எழுத வைத்தது அந்த போன்தான் என்று நினைக்கிறேன். வந்தபோது எரிச்சலாக இருந்தது, நின்றதும் வலிக்கிறது. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, அம்மாவின் கவனம் நம்மேல் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் நாம் பாதி வாழ்க்கையை ஓட்டுகிறோம். ஆனால் அந்த வலியை எடுத்து "அம்மாவின் உடம்பு" என்ற கணக்கில் எழுதாதீர்கள். எழுதினால் மருந்தும் தவறான ஆளுக்குப் போய்விடும்.

விளையாட்டுக்கு வருகிறேன். நீங்கள் பெயர் சொல்லவில்லை, இந்த வகையில் எல்லோருக்கும் தெரிந்தது 2012-ல் வந்த கேண்டி க்ரஷ் சாகா. அதில் ஐந்து உயிர், போன ஓர் உயிர் தானாகத் திரும்பி வர அரை மணி நேரம் ஆகும். நன்றாகச் சூடு பிடிக்கும்போது நிறுத்தி, காத்திரு, இல்லை யாரிடமாவது கேள், இல்லை காசு கொடு என்கிறது. "ஒரே ஒரு ஜெல்லி பாக்கி" என்பதற்கும் காரணம் உண்டு. 2009-ல் லூக் கிளார்க் என்ற உளவியலாளரும் அவரது குழுவினரும் சூதாட்ட இயந்திரத்தைப் போன்ற ஓர் ஆட்டத்தை ஆடவிட்டு மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். நூலிழையில் தோற்றபோது மனதுக்குக் கசந்தது, ஆனால் ஜெயித்தால் கிளர்கிற மூளைப் பகுதிகளே அப்போதும் கிளர்ந்தன, இன்னொரு முறை ஆடிப் பார்க்கும் ஆசையும் கூடியது. தாயக்கட்டை உருட்டுகிறவர்களுக்கு இது புதிதல்ல, தாயம் விழாமல் காயை இறக்க முடியாதவர்தான் அடுத்த முறைக்குக் கையை நீட்டிக்கொண்டிருப்பார்.

எளிமையாக இருப்பதும் ஒரு காரணம். வியட்நாமைச் சேர்ந்த டோங் நுயென் 2013-ல் ஃப்ளாப்பி பேர்ட் என்று ஒரு விளையாட்டை வெளியிட்டார். திரையைத் தட்டத் தட்டப் பறவை எழும்பும், குழாயில் இடித்தால் ஆட்டம் முடிந்தது, மறுபடி முதலிலிருந்து. விளம்பரத்தில் ஒரு நாளைக்கு 50,000 டாலர் வருகிறது என்று செய்தி வந்துகொண்டிருந்தபோதே, 2014 பிப்ரவரியில் அவர் அதைக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டார். ஓய்வாக இருக்கும்போது சில நிமிடம் ஆடுவதற்குச் செய்தது, ஆட்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பொருளாகிவிட்டது என்பதுதான் அவர் சொன்ன காரணம். செய்தவரே பயந்த விஷயம் என்பதால் உங்கள் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனாலும் நீங்கள் எழுதியிருப்பதை வைத்து இதைப் போதை என்று சொல்ல மாட்டேன். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கோளாறு என்று ஒன்று இருக்கிறது, அந்தப் பட்டியல் 2022-ல் நடைமுறைக்கு வந்தது. ஆட்டத்தின் மீது கட்டுப்பாடு போய், மற்ற எல்லாம் பின்னுக்குப் போய், கெடுதல் வந்த பிறகும் விட முடியாமல், குடும்பமும் வேலையும் குலைகிற அளவுக்கு, பொதுவாக 12 மாதமாவது நீடிக்க வேண்டும். உங்கள் அம்மா சமைத்து முடித்துவிட்டுத்தான் உட்காருகிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். குலைந்தது ஒரு நாள் பாலும் தினசரி இரண்டாவது காபியும்தான். பால் யார் வீட்டில் பொங்கி வழியவில்லை? காபியை அப்பா கலந்துகொள்ளலாம், டிகாக்ஷன் இறக்க எந்த வயதிலும் கற்றுக்கொள்ளலாம்.

சின்னப் பிள்ளை மாதிரி கோபப்படுகிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். உங்கள் அம்மா தனக்காக, தன் விஷயம் ஒன்றுக்காகக் கோபப்பட்டு இதற்கு முன் பார்த்திருக்கிறீர்களா? அப்பாவுக்காக, உங்கள் மார்க்குக்காக, உங்கள் கல்யாணத்துக்காகப் பட்டிருப்பார். இங்கே தோற்பதும் அவரே, ஜெயிப்பதும் அவரே. தோற்றால் ஏன் என்று கேட்க யாரும் இல்லை. ஒரு லெவலில் வாரக்கணக்கில் நின்று, அத்தையின் கேலியையும் சிரித்துத் தள்ளிவிட்டு, மறுபடி விரலைத் தூக்குகிறார் என்றால் எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. பேரனிடம் உயிர் கேட்கிறாரே, அதில் உங்களுக்குக் கேவலமாகப் பட்டது எது? பாட்டிக்கும் பேரனுக்கும் பேசிக்கொள்ள ஒரு விஷயம் கிடைத்திருக்கிறது, அதில் நீங்கள் இல்லை. அதுவும் கொஞ்சம் உறுத்துகிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அதனால் பிடுங்காதீர்கள். அப்பா சொன்னாலும் கூடாது. ஒன்பது மணிக்கு அம்மாதான் கூப்பிட வேண்டும் என்று எங்கும் எழுதியில்லை, இத்தனை வருஷம் அவர் கூப்பிட்டார், இனி நீங்கள் கூப்பிடுங்கள். எடுத்ததும் கண்ணைப் பற்றி ஆரம்பிக்காமல் எந்த லெவல், எங்கே மாட்டுகிறது என்று கேளுங்கள், அவர் சொல்வதை முழுசாகக் கேளுங்கள். "உங்க போன் வராம என்னமோ மாதிரி இருக்கும்மா" என்று ஒரு நாள் சொல்லியும் விடுங்கள். இத்தனை வருஷத்தில் அவரிடம் அதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இரண்டு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். அந்த போனில் உங்கள் கார்டு ஏறியிருந்தால் எடுத்துவிடுங்கள், காசு கொடுத்து உயிர் வாங்கும் வழி அவருக்கு வேண்டாம். கண் பரிசோதனைக்கு அடுத்த முறை ஊருக்குப் போகும்போது நீங்களே அழைத்துப் போங்கள், 61 வயதில் விளையாடினாலும் விளையாடாவிட்டாலும் அது தேவை. தூக்கத்தை விட்டு ஆடுகிறார், வெளியே போவதையே நிறுத்திவிட்டார், காசு விஷயத்தில் மறைக்கிறார் என்று தெரிந்தால் மறுபடி எழுதுங்கள், அப்போது வேறு மாதிரி பேசுவோம்.