புதிய தொழிலாளர் சட்டங்கள்: சம்பளம், ஒப்பந்தம், ஆட்குறைப்பு பற்றிக் கேள்வி பதில்

29 பழைய சட்டங்களின் இடத்தில் நான்கு தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் அமலில் உள்ளன. வந்த கேள்விகளில் சில:

கேள்வி: சார், மாதச் சம்பளம் 40,000. பேசிக் 12,000, மீதி வீட்டு வாடகைப்படி, பயணப்படி, கமிஷன். கைக்கு வருவது குறையுமா?

பதில்: கொஞ்சம் குறையலாம். ஊதியக் கணக்கில் சேராத படிகளும் கமிஷனும் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டியது ஊதியத்தோடு சேரும். உங்களுக்கு 28,000இல் 8,000 சேர்ந்து ஊதியம் 20,000 ஆகும். 15,000 உச்சவரம்பு வரை மட்டும் பிஎஃப் பிடிக்கும் கம்பெனி என்றால் பிடித்தம் 1,440இலிருந்து 1,800 ஆகும். முழு ஊதியத்துக்கும் பிடித்தால் 2,400. கிராஜுவிட்டி என்னும் பணிக்கொடையோ (மாதத்துக்கு 26 நாள் என்று வைத்து, 15 நாள் ஊதியக் கணக்கில்) ஆண்டுக்கு 6,923இலிருந்து 11,538 ஆக ஏறும்.

கேள்வி: ஓராண்டு வேலை செய்தாலே கிராஜுவிட்டியாமே?

பதில்: எல்லாருக்கும் இல்லை. கம்பெனியே நேரடியாகக் குறிப்பிட்ட காலத்துக்கு எடுத்தவர்களுக்குத்தான். நிரந்தர ஊழியருக்கு ஐந்தாண்டு விதி அப்படியே இருக்கிறது. ஆர்டரில் தொடக்கத் தேதி, முடியும் தேதி, கையெழுத்திட்டது யார் என்று பாருங்கள். கான்ட்ராக்டர் கையெழுத்து என்றால் நீங்கள் இந்த வகையில் வரமாட்டீர்கள். 11 மாத ஒப்பந்தத்தைக் கையில் கொடுத்தால் உஷார்: ஓராண்டு நிறையாமல் பார்த்துக்கொள்ளும் வேலை அது. காலம் முடிந்து வெளியே அனுப்பினால் ஆட்குறைப்பு இழப்பீடும் கிடையாது.

கேள்வி: எங்கள் ஆலையில் 220 பேர். ஆள் குறைக்க அரசு அனுமதி வேண்டாமா அண்ணே?

பதில்: வேண்டாம். எத்தனை பேர் இருந்தால் அனுமதி வேண்டும் என்று ஒரு வரம்பு உண்டு. 1976இல் 300 என்று வைத்ததைப் பிறகு 100 ஆக்கினார்கள். இப்போது மறுபடி 300. ஆனால் அனுமதி இல்லை என்றால் கடமையும் இல்லை என்று நினைக்கும் முதலாளிகள் உண்டு. ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், நிறைவான ஆண்டுக்கு 15 நாள் சராசரி ஊதியம், பொதுவாகக் கடைசியில் சேர்ந்தவரை முதலில் நீக்குவது ஆகிய மூன்றும் இருந்தாக வேண்டும். எட்டாண்டு என்றால் 120 நாள் ஊதியம். அதுபோக வேலை இழந்தவருக்கான மறுபயிற்சி நிதியிலிருந்து 15 நாள் ஊதியம், 45 நாளுக்குள் தொழிலாளியின் கணக்குக்கு வரவேண்டும். பாக்கிச் சம்பளத்துக்கு இரண்டு வேலை நாள் கெடு.

அந்த 15 நாள் கணக்கு 1953இல் வந்தது. வரம்பை மூன்று மடங்கு உயர்த்தியவர்கள் இதைத் தொடவே இல்லை. ஆள் குறைக்க முதலாளிக்குக் கிடைத்த நெகிழ்வுக்கு விலை கொடுப்பது யார் என்பது இங்கேதான் தெரிகிறது.

கேள்வி: எல்லாரும் ஒரே நாளில் லீவு போட்டால்?

பதில்: பாதிப் பேர் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தமே. 14 நாள் முன்னறிவிப்பு இல்லை என்றால் சட்டவிரோதம்.