12 வருஷ டேங்க் அடியில ஒழுகுது, அதே சைஸ் திரும்ப வாங்கலாமா?

கேள்வி: எங்க வீட்டு 100 லிட்டர் கரண்ட் வாட்டர் ஹீட்டருக்கு 12 வயசு, இப்ப அடியில ஒழுகுது. நாங்க ரெண்டு பேர், ரெண்டு சின்னப் பசங்க, எங்க அம்மா, மொத்தம் அஞ்சு பேர். காலையில கடைசியா குளிக்கிறவங்களுக்கு எப்பவும் பச்சைத் தண்ணிதான். ப்ளம்பர் அதே மாதிரி ஒண்ணு மாட்டிரலாம்ங்கிறார், கடையில டேங்க் இல்லாத இன்ஸ்டன்ட் வாங்கச் சொல்றாங்க, ஃப்ரெண்ட் ஒருத்தர் ஹீட் பம்ப்ங்கிறார். எதைத்தான் வாங்குறது?

பதில்: மொதல்ல ஒழுகுறது எங்கேருந்துன்னு பாருங்க. பைப் ஜாயிண்ட்லயோ வால்வுலயோ சொட்டுனா ரிப்பேரோட முடிஞ்சிரும், டேங்கே ஓட்டைன்னா அதுக்கு வைத்தியம் கிடையாது. ஹீட்டரோட மெயின் ஸ்விட்சை ஆஃப் பண்ணிட்டு உள்ள வர்ற தண்ணி வால்வை மூடிருங்க. அப்புறம் ரெண்டு மூணு நாள் அடுப்புல தண்ணி காய வெச்சுக் குளிச்சாலும் பரவால்ல, அவசரத்துல மட்டும் வாங்காதீங்க, ஏன்னா இன்னைக்கு மாட்டுறதுகூடத்தான் அடுத்த பத்து வருஷம் காலம் தள்ளப் போறீங்க.

எந்த வகைன்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி எவ்ளோ சுடுதண்ணி வேணும்னு கணக்குப் போடணும், அதுவும் நாள் முழுக்க எவ்ளோன்னு இல்ல, காலையில எல்லாரும் கிளம்புற அந்த ஒரு மணி நேரத்துல எவ்ளோன்னு. ஷவருக்குக் கீழ ஒரு வாளிய வெச்சு சரியா ஒரு நிமிஷம் தண்ணி பிடிச்சு அளந்து பாருங்க. 8 லிட்டர் வருதுன்னு வெச்சுக்குவோம். ஒருத்தர் 7 நிமிஷம் குளிச்சா 56 லிட்டர், அம்மா நிதானமா அப்புறம் குளிக்கிறாங்கன்னா காலையில நாலு பேருக்கு 224 லிட்டர். ஆனா இது விளாவுன தண்ணி, 40 டிகிரி. டேங்க்ல 60 டிகிரி சுடுதண்ணி, குழாய்ல 20 டிகிரி பச்சைத் தண்ணின்னா பாதிக்குப் பாதி, அதாவது டேங்க்லேருந்து 112 லிட்டர் வேணும். டேங்க்ல இருக்குற தண்ணி முழுசையும் அதே சூட்டுல எடுக்க முடியாது, எடுக்க எடுக்கக் கீழ பச்சைத் தண்ணி வந்து கலந்துட்டே இருக்கும், அதனால முக்கால்வாசி, மிஞ்சிப்போனா 80 சதவீதம்தான் உருப்படியா கிடைக்கும்னு வெச்சுக்கிட்டா 140 லிட்டர் டேங்க் தேவைப்படுது. இப்ப புரியுதுங்களா, கடைசி ஆளு ஏன் நடுங்குனாங்கன்னு? ஹீட்டர்ல கோளாறே இல்ல, பசங்க வளர்ந்துட்டாங்க, டேங்க் வளரல. குளிர் ஜாஸ்தியான ஊர்ல குழாய்த் தண்ணி 10 டிகிரிக்கு இறங்குச்சுன்னா இதே குளியலுக்கு 170 லிட்டர் கிட்ட போயிரும்.

ஒரு விஷயம், நிமிஷத்துக்கு 6 லிட்டர் மட்டும் விடுற ஷவர் ஹெட் மாத்திப் போட்டீங்கன்னா இதே கணக்கு 105 லிட்டர்ல வந்து நிக்குது. இவ்ளோ சின்னச் செலவுல இவ்ளோ பெரிய வித்தியாசம் தர்ற வேற எதையும் எனக்குத் தெரியாது, புது ஹீட்டர் எதுவானாலும் இதை மொதல்ல மாத்துங்க.

இப்ப கடைக்காரர் சொல்ற இன்ஸ்டன்ட். கரண்ட்ல ஓடுறதுன்னா உங்க வீட்டுக்கு நான் வேணாம்னுதான் சொல்வேன். 3 கிலோவாட் இன்ஸ்டன்ட், தண்ணிய 25 டிகிரி சூடேத்தணும்னா நிமிஷத்துக்கு 1.7 லிட்டர்தான் தரும், அது பாத்திரம் கழுவுற சிங்க்குக்குச் சரி, ஷவருக்குப் பத்தாது. 8 லிட்டர் வரணும்னா 14 கிலோவாட் வேணும், 230 வோல்ட்ல 60 ஆம்ப்ஸ், அதுக்குத் தனி வயரிங், தனி பிரேக்கர், சில வீட்டுக்கு வர்ற கனெக்‌ஷனே தாங்காது, ரெண்டு பாத்ரூம்ல ஒரே நேரத்துல குளிச்சா அதுக்கும் டபுள். கேஸ்ல ஓடுற இன்ஸ்டன்ட் வேற கதை, அதுக்கு அந்த சக்தி தாராளமா உண்டு, டேங்க் தீர்ந்து போற பிரச்சனையும் இல்ல. ஆனா புகை வெளிய போக முறையான குழாய் இல்லாம, மூடின பாத்ரூமுக்குள்ள மட்டும் மாட்டவே மாட்டாதீங்க, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, உள்ள இருக்குறவங்களுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே ஆளையே சாச்சிரும்.

ஹீட் பம்ப் பத்தி உங்க ஃப்ரெண்ட் சொன்னது நல்ல யோசனைதான். அது கரண்டை நேரா சூடா மாத்துறதில்ல, ஃப்ரிட்ஜை திருப்பிப் போட்ட மாதிரி வெளிக்காத்துல இருக்குற சூட்டை இழுத்து தண்ணிக்குள்ள தள்ளுது, அதனால ஒரு யூனிட் கரண்டுக்கு சுமார் மூணு யூனிட் சூடு கிடைக்கும், கடுங்குளிர்ல இது குறையும். உங்க அஞ்சு பேருக்கும் ஒரு நாளைக்கு 280 லிட்டர் விளாவுன தண்ணின்னா சூடேத்த 6.5 யூனிட், டேங்க் சும்மா இருக்கும்போது ஆறிப்போறதுக்கு ஒண்ணரை யூனிட் சேர்த்தா 8 யூனிட். ஹீட் பம்ப்னா இது 3 யூனிட்டுக்குள்ள அடங்கிரும். வருஷத்துக்கு 1,900 யூனிட் கிட்ட மிச்சம், இதை உங்க கரண்ட் ரேட்டால பெருக்கி, ரெண்டு மெஷினுக்கும் உள்ள விலை வித்தியாசத்தோட ஒப்பிட்டுப் பாருங்க, எத்தனை வருஷத்துல போட்ட காசு திரும்பும்னு நீங்களே கண்டுபிடிச்சிரலாம். மெதுவாத்தான் சூடேத்தும், அதனால 200 லிட்டர் டேங்கா எடுங்க. சத்தம் வரும், பெட்ரூம் ஜன்னல் பக்கம் வேணாம், காத்து வராத சின்ன ரூம்ல அடைக்கவும் கூடாது. சோலார், மொட்டை மாடியில நிழல் விழாத இடம் இருந்தா ரொம்ப அருமை, மேகமூட்டத்துக்கு, கரண்ட்ல சூடேத்துற பூஸ்டர் மட்டும் இருக்கணும்.

என் முடிவு: சொந்த வீடு, வெளிய காத்தோட்டமான இடம் இருக்குன்னா 200 லிட்டர் ஹீட் பம்ப். இல்லேன்னா 150 லிட்டர் கரண்ட் டேங்க். அதே 100 லிட்டர் வேணாம்.

எதை மாட்டுனாலும் கரண்ட் மிச்சம் பண்றேன்னு டேங்க்கை 45 டிகிரியில வெச்சிராதீங்க. 20லேருந்து 45 டிகிரி வரைக்கும் இருக்குற தண்ணியிலதான் லெஜியோனெல்லாங்கிற பாக்டீரியா நல்லா பெருகும், ஷவர் சாரலோட நுரையீரலுக்குள்ள போனா கடுமையான நிமோனியா வரும், உங்கம்மா மாதிரி வயசானவங்களுக்கு ரொம்ப ஆபத்து. டேங்க் 60லதான் இருக்கணும். ஆனா 60 டிகிரி தண்ணி அஞ்சு செகண்ட்ல தோலை வெந்துபோக வெச்சிரும், பசங்களுக்கு அதைவிட சீக்கிரம். அதனால டேங்க்லேருந்து பாத்ரூமுக்குப் போற லைன்ல, பச்சைத் தண்ணி கலந்து சூட்டைக் குறைக்கிற டெம்பரிங் வால்வு போட்டு 45, மிஞ்சுனா 50க்குள்ள இறக்கி அனுப்பணும். இதுல மட்டும் சிக்கனம் பாக்காதீங்க, ரெண்டு குழந்தை இருக்குற வீடு.

அப்புறம் ப்ரஷர் வால்வு, டேங்க் உள்ள அழுத்தம் ஏறுனா தண்ணிய வெளிய விடுறது. தண்ணி 20லேருந்து 60க்குப் போகும்போது ஒண்ணரை சதவீதம் விரியும், 150 லிட்டர்ல அது ரெண்டேகால் லிட்டர், அதனால சூடாகும்போது அந்த வால்வுல சொட்டுறது சகஜம். சொட்டுதேன்னு சில பேர் அதை அடைச்சிருவாங்க, நான் நேர்லயே பாத்திருக்கேன், அது டேங்க் வெடிக்கிற அளவுக்குக் கொண்டுபோய் விட்டுரும். சொட்டுற தண்ணிக்கு ஒரு குழாய் போட்டு வெளிய விடுங்க.

உங்க பழைய டேங்க் ஏன் போச்சுன்னும் சொல்லிர்றேன். உள்ள ஆனோட் ராடுன்னு மெக்னீசியத்துல ஒரு கம்பி இருக்கும், டேங்க்குக்குப் பதிலா அது கரைஞ்சு துருவைத் தான் வாங்கிக்கும், அது கரைஞ்சு தீர்ந்தப்புறம் துரு டேங்க்கை அரிக்க ஆரம்பிக்கும். நீங்க 12 வருஷத்துல ஒரு தடவையாவது மாத்துனதா எழுதல. உப்புத் தண்ணின்னா வருஷா வருஷம், இல்லேன்னா ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை திறந்து பாக்கச் சொல்லுங்க, கம்பி மெலிஞ்சிருந்தா மாத்திரணும், அப்படியே அடியில படிஞ்ச உப்பையும் கழுவி விட்டுரலாம். மாட்டுற அன்னைக்கே டேங்க் மேலயே மார்க்கர்ல தேதி எழுதி வெச்சிருங்க, ஆனோட் திறக்குறதுக்கு இடம் விட்டு ப்ளம்பர் மாட்டுறாரான்னும் பக்கத்துல நின்னு பாத்துக்குங்க.