ஏற்காடு ஏறும் கேரவனுக்கு வீல் கவர்: கழற்றுவது எப்படி, மாட்டுவது எப்படி?

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறோம். டெம்போ டிராவலர் ஒன்றைக் கேரவனாக மாற்றி வைத்திருக்கிறோம். பின்னால் இரட்டைச் சக்கரம். முன்சக்கரங்களுக்குப் பிளாஸ்டிக் வீல் கவர், பின்சக்கரங்களுக்கு எவர்சில்வர் கவர். மாதம் இரண்டு முறை ஏற்காடு போய் வருவோம். போன முறை இறங்கும்போது முன்பக்கக் கவர் ஒன்று கழன்று விழுந்துவிட்டது. பஞ்சர் பார்க்கும்போது பின்பக்கக் கவரை நெம்பியதில் அதன் ஓரம் வளைந்துவிட்டது. திரும்ப மாட்டிய பிறகு உள்டயரில் காற்று இறங்கிக்கொண்டே இருக்கிறது. சரியான முறை என்ன? கவர் இல்லாமலே ஓட்டலாமா?

பதில்: கவர் இல்லாமல் தாராளமாக ஓட்டலாம். வீல் கவர் எந்தப் பாரத்தையும் தாங்குவதில்லை, அழகுக்கும் கொஞ்சம் தூசு மறைக்கவும்தான். ஆனால் உள்டயரில் காற்று இறங்கும் நிலையில் மலை ஏறாதீர்கள். இரட்டைச் சக்கரத்தில் ஒரு டயர் தளர்ந்தால் அதன் பாரமும் பக்கத்து டயர் மேல் விழும். கேரவனில் கட்டில், அலமாரி, பேட்டரி எல்லாம் எப்போதும் வண்டியிலேயே இருக்கிற பாரம். 100 லிட்டர் தண்ணீர் தொட்டியை நிரப்பினால் இன்னும் 100 கிலோ கூடும். அத்தனையையும் ஒரு டயர் சுமந்துகொண்டு 20 கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பினால் சூடேறி வெடிக்கக்கூடும். அதனால் முதலில் காற்றைப் பார்ப்போம்.

உள்டயருக்குக் காற்றடிக்க வெளியே நீட்டியிருக்கும் நீள வால்வைக் கவனியுங்கள். அது உள்டயரின் வால்வோடு மரையில் சேரும் நீட்டிப்புக் குழாய். கவரை மாட்டும்போது அரை அங்குலம் தள்ளி மாட்டிவிட்டால் தகட்டின் விளிம்பு அந்த வால்வில் உரசும். வண்டி ஓட ஓட அது அறுபடும், அல்லது வால்வோடு சேரும் மரை தளர்ந்துவிடும். உங்கள் வண்டியில் அநேகமாக இதுதான் நடந்திருக்கிறது, ஏனென்றால் கவரை மாட்டிய பிறகுதான் காற்று இறங்க ஆரம்பித்திருக்கிறது. கவரைக் கழற்றிவிட்டு, சோப்புத் தண்ணீரை வால்வின் நுனியிலும், நீட்டிப்பு சேரும் இடத்திலும், ரிம்மில் வால்வு நுழையும் இடத்திலும் விடுங்கள். குமிழி வருகிற இடம் தெரிந்துவிடும். நுனியில் வந்தால் உள்ளே இருக்கும் வால்வு பின்னை மாற்றினால் போதும். உரசிய தடம் பள்ளமாக இருந்தால் நீட்டிப்பையே மாற்றுங்கள், டேப் சுற்றி ஓட்டாதீர்கள்.

இனி கழற்றும் முறை. சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, ஒரு சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். கவரைக் கழற்ற மட்டும் ஜாக்கி தேவையில்லை. மலையிலிருந்து இறங்கி அடிவாரத்தில் நிறுத்தியவுடன் கை வைக்காதீர்கள். பிரேக்கைப் பிடித்தபடி இறங்கிய வண்டியில் பிரேக் டிரம் 200 டிகிரி செல்சியசைத் தாண்டக்கூடும். அந்தச் சூடு ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி), நட், ரிம் என்று பரவியிருக்கும். முக்கால் மணி நேரம் விடுங்கள். பிறகு நட்டிலிருந்து 2 அங்குலம் தள்ளிக் கையைக் காட்டிப் பாருங்கள், அனல் அடித்தால் இன்னும் பொறுங்கள். சீக்கிரம் ஆறட்டும் என்று தண்ணீர் ஊற்றுவது பெரிய தவறு, சூடான டிரம் விரிசல் விடும்.

பிளாஸ்டிக் கவரில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பின்பக்கம் கிளிப்புகளும் ஒரு கம்பி வளையமும் வைத்து ரிம்மில் அழுத்தி மாட்டுவது. மற்றொன்று, வீல் நட்டுகளே பிடித்துக்கொண்டிருப்பது. நட்டின் தலை கவருக்கு வெளியே தெரிந்து, அதன் அடி விளிம்பு கவரை அழுத்திக்கொண்டிருந்தால் இரண்டாவது வகை. அதை எவ்வளவு நெம்பினாலும் வராது, உடையத்தான் செய்யும். நட்டுகளைக் கழற்றினால்தான் வரும், அதற்கு ஜாக்கி வேண்டும். எது என்று பார்க்காமல் ஸ்குரூ டிரைவரை நுழைப்பதால்தான் பாதிக் கவர்கள் வீணாகின்றன.

அழுத்தி மாட்டும் வகை என்றால், வால்வுக்கு நேர் எதிரே இருந்து தொடங்குங்கள். காரின் உள் பேனல்களைக் கழற்றும் பிளாஸ்டிக் நெம்பி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் தட்டையான டயர் லீவரில் துணி சுற்றிக்கொள்ளுங்கள். கவரின் வெளி விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே நுழைத்து, ஓரிடத்தில் அரை அங்குலம் தூக்கியதும் நிறுத்திவிட்டு ஒரு சாண் தள்ளி அடுத்த இடத்துக்குப் போங்கள். ஒரே இடத்தில் முழுவதையும் பெயர்த்தால் அங்குள்ள கிளிப் முறியும். கவரில் இருக்கும் காற்றுத் துளைகளில் கம்பியை விட்டு இழுப்பதும் வேண்டாம், அதுதான் கவரின் பலவீனமான இடம். மார்கழிக் காலையில் ஏற்காட்டில் கழற்ற நேர்ந்தால், குளிரில் விறைத்த பிளாஸ்டிக் எளிதில் உடையும். கொஞ்சம் வெயில் ஏறட்டும்.

உங்கள் முன்பக்கக் கவர் ஏன் விழுந்தது? கவர்கள் பெரும்பாலும் ஏ.பி.எஸ்., பாலிபுரோப்பிலீன் என்ற இரு பிளாஸ்டிக் வகைகளில் வரும். ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் 100 டிகிரியை ஒட்டியே இளக ஆரம்பிக்கும். பாலிபுரோப்பிலீன் உருகுவது சுமார் 160 டிகிரியில், ஆனால் அதற்கு வெகு முன்பே தளர்ந்துவிடும். இறக்கத்தில் பிரேக் சூட்டில் கிளிப்புகள் இளகுகின்றன. அதே நேரத்தில் வளைவில் பாரம் பக்கவாட்டில் சாயும்போது இரும்பு ரிம் ஒவ்வொரு சுற்றிலும் மயிரிழை அளவு நெளிகிறது. இளகிய கிளிப் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகர்ந்துவிடும். இதோடு ரிம்மின் உள்விளிம்பில் சேர்வராயன் மலையின் செம்மண் காய்ந்து படிந்திருந்தால் கிளிப் உட்கார வேண்டிய பள்ளமே இருக்காது. இரண்டாவது கியரில் இறங்கி பிரேக்கைக் குறைத்தாலே கவரின் ஆயுள் கூடும், பிரேக்குக்கும் அதுதான் நல்லது.

புதுக் கவர் வாங்கும்போது டயரில் உள்ள எண்ணைப் பாருங்கள். 215/75 ஆர் 15 என்று இருந்தால் கடைசி 15தான் ரிம்மின் அங்குல அளவு, கவரும் அதே அளவு இருக்க வேண்டும். கார் கவரில் அளவு பொருந்தினாலும், வேன் ரிம்மின் நடுவில் ஹப் துருத்திக்கொண்டிருந்தால் கவர் முழுவதும் உட்காராது. கடையிலேயே வைத்துப் பார்த்துவிடுங்கள்.

மாட்டும்போது முதலில் ரிம்மின் விளிம்பைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து ஈரத்துணியால் துடையுங்கள். கவரின் பின்னால் கம்பி வளையத்தில் ஓரிடத்தில் மட்டும் வளைவு இருக்கும், அது வால்வுக்கான இடம். அதை வால்வுக்கு நேராக வைத்து, வால்வுப் பக்கத்தை முதலில் அழுத்துங்கள், பிறகு நேர் எதிர்ப்பக்கம், பிறகு இரு பக்கவாட்டிலும். உள்ளங்கையின் அடிப்பாகமே போதும், வராவிட்டால் ரப்பர் சுத்தியலால் விளிம்பில் மட்டும் தட்டலாம். இடித்துக்கொண்டு போகாவிட்டால் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். கிரீஸ் வேண்டாம், சூட்டில் உருகி பிரேக்குக்குள் போகும். மாட்டியதும் இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். கவர் சுற்றினால் பிடிப்பு இல்லை என்று அர்த்தம், ஓடும்போது அது வால்வை அறுக்கும்.

மலைப் பயணத்துக்குக் கூடுதல் பிடிப்பாக, கவரின் துளையையும் ரிம்மின் துளையையும் சேர்த்து, எதிரெதிரே இரண்டு கறுப்பு நைலான் கேபிள் டை போடலாம். ஒன்று மட்டும் போடக் கூடாது, கவர் ஒரு பக்கம் தொங்கி அடித்துக்கொள்ளும். முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் இருந்தால் ரிம்மின் உட்பக்கம் இடைவெளி மிகக் குறைவு. டையை இறுக்கி, முடிச்சை வெளிப்பக்கம் வைத்து, சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி ஒரு முழுச் சுற்று கையால் சுற்றிப் பாருங்கள். எங்காவது தட்டினால் டை வேண்டாம்.

பின்பக்க எவர்சில்வர் கவர்தான் பலரைக் குழப்புகிறது. வரிசையாகத் தெரியும் நட்டுகளில் பெரும்பாலானவை பொய்யானவை, தகட்டிலேயே அச்சடித்தவை. இரண்டு மட்டும் உண்மையாகக் கழலக்கூடியவை. வீல் நட்டின் மேல் உட்காரும் இவைதான் மேல் நட்டுகள், பெரும்பாலும் எதிரெதிரே இருக்கும். ஒவ்வொன்றிலும் சாக்கெட்டை வைத்து மெல்லத் திருப்பினால் அந்த இரண்டும் தெரிந்துவிடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், தகட்டின் பின்விளிம்பு கத்திபோல் இருக்கும். மேல் நட்டைத் திருப்பும்போது அடியில் உள்ள வீல் நட் சேர்ந்து சுழல்கிறதா என்று கட்டாயம் கவனியுங்கள். சுழன்றால் அங்கேயே நிறுத்தி, அந்தச் சக்கரத்தின் எல்லா வீல் நட்டுகளையும் வண்டிக் கையேட்டில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு முறுக்க வேண்டும். இதைத் தெரியாமல் விட்டால் கவருக்குள் வீல் நட் தளர்ந்தபடியே மலை ஏறுவீர்கள், வெளியிலிருந்து எதுவும் தெரியாது.

சில கவர்களில் வீல் நட்டுக்கும் ரிம்முக்கும் நடுவே ஒரு மெல்லிய தகட்டை வைத்துக் கவரைப் பிடிக்கிறார்கள். அது வேண்டவே வேண்டாம் என்பது எங்கள் திடமான கருத்து. நட் நேரடியாக ரிம்மில் உட்கார வேண்டும். நடுவில் தகடோ பெயின்டோ இருந்தால் நாளடைவில் நசுங்கி, முறுக்கிய இறுக்கம் போய்விடும்.

வளைந்த ஓரத்தை மரக்கட்டையின் மேல் வைத்து ரப்பர் சுத்தியலால் தட்டி நிமிர்த்தலாம். மாட்டும்போது கவரின் துளை ரிம்மின் துளையோடு நேராக வர வேண்டும், நீள வால்வைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது 5 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். மேல் நட்டைக் கையால் இறுக்கி, அதன்பின் சாக்கெட்டில் கால் சுற்று போதும். அடுத்த முறை தேட வேண்டாம் என்றால், கவரின் பின்பக்கம் எந்தச் சக்கரம் என்பதையும் வால்வு வரும் இடத்தையும் பெயின்டால் குறித்து வையுங்கள். பஞ்சர் கடையில் வண்டியை விடும்போது மேல் நட்டுகள் எவை என்று காட்டிவிடுங்கள்.

சக்கரத்தையே கழற்றி மாட்டியிருந்தால் அன்று கவரை மாட்டாதீர்கள். நட்டுகளை எதிரெதிராக முறுக்கி, நாமக்கல் வரை போல 50 கிலோமீட்டர் சமதளத்தில் ஓட்டி, ரிம் ஆறிய பிறகு மறுபடி டார்க் பாருங்கள். நட்டைச் சுற்றி ரிம்மில் துருநிறக் கோடு வெளிநோக்கி ஓடியிருந்தால் அந்த நட் ஏற்கெனவே அசைந்திருக்கிறது. அந்தச் சக்கரத்தை இறக்கி ஸ்டட்டின் (நட் ஏறும் போல்ட்டின்) மரையையும் ரிம்மின் துளையையும் மெக்கானிக் பார்த்துச் சரி என்ற பிறகு கவரை மாட்டுங்கள். மழைக்காலம் முடியும்வரை மாதம் ஒருமுறையாவது நான்கு கவர்களையும் கழற்றி, உள்ளே தேங்கிய செம்மண்ணைக் கழுவிக் காயவிடுங்கள். அப்போதே இரட்டை டயர்களுக்கு நடுவே கல் சிக்கியிருக்கிறதா என்றும் டார்ச் அடித்துப் பார்த்துவிடலாம்.