குடிசைல இருக்கிறவங்களுக்கு கவர்மெண்ட் ஃபிளாட் குடுத்தும் ஏன் போக மாட்டேங்கிறாங்க?

ஃபிளாட் கசக்குமா யாருக்காவது? அது எங்க இருக்குன்னு பாருங்க முதல்ல. நான் டெல்லிலயே பொறந்து வளர்ந்தவன், எங்க சித்தி குடும்பம் ஜங்புரா மதராசி கேம்ப்ல இருந்தது, அதை வெச்சே சொல்றேன்.

பாராபுல்லா நாலா, அதாவது பெரிய கழிவுநீர் கால்வாய், அதோட ஓரத்துல இருந்த குடிசைப் பகுதி அது, முக்காவாசி தமிழ் ஆளுங்க. நாலா அடைச்சு மழைல தண்ணி ஏறுது, தூர் வாரணும்னு ஹைகோர்ட் உத்தரவு வந்து 2025 ஜூன் 1 அன்னிக்கு இடிச்சாங்க. தண்ணி ஏறுனது நிஜம்தான், அதை மறைக்க வேண்டியதில்ல. கிட்டத்தட்ட 370 வீடு, ஆனா முதல் லிஸ்ட்ல நரேலா ஃபிளாட்டுக்கு தகுதின்னு வந்தது 189 தான். 2015 ஜனவரி 1க்கு முன்னாடியே அங்க குடியிருந்ததுக்கு வோட்டர் லிஸ்ட் அது இதுன்னு பேப்பர் காட்டணும், நடுவுல ஊருக்கு போய் ரெண்டு வருஷம் இருந்துட்டு வந்தவங்க கதியெல்லாம் கேக்காதீங்க.

சரி, ஃபிளாட் கிடைச்சவங்க? நரேலா ஹரியானா பார்டர் பக்கம், ஜங்புரால இருந்து சுமார் 40 கிலோமீட்டர். கேம்ப் பொம்பளைங்க நிறைய பேருக்கு பக்கத்து காலனிகள்ல கோட்டி வேலை, அதாவது வசதியானவங்க வீட்டுல வீட்டு வேலை, காலைல ஒரு வீட்டுல பாத்திரம், அடுத்த வீட்டுல பெருக்கி துடைக்கிறது, இன்னொரு வீட்டுல சமையல்னு மூணு வீடு முடிச்சுட்டு மத்தியானம் வந்து புள்ளைக்கு சோறு போட்டு சாயங்காலம் மறுபடி போவாங்க, எல்லாம் நடந்தே. நரேலால இருந்து இதை எப்படி பண்றது? டெல்லில லேடிஸுக்கு பஸ் ஃப்ரீதான், ஆனா ஏழு மணிக்கு வரலைன்னா மேடம் வேற ஆள் வெச்சுக்குவாங்க. வீட்டுக்காரர் எப்படியோ வேலைக்கு போயிட்டு வந்துடறார், நின்னு போறது பொம்பளை சம்பளம்தான். அந்த சம்பளத்துலதான் ஸ்கூல் ஃபீஸ், சீட்டு எல்லாமே ஓடுச்சு.

அதனால சித்தி ஃபிளாட்டுக்கு போகல, ஜங்புரா பக்கத்துல போகல்ங்கிற (Bhogal) ஏரியால ஒரே ரூம் வாடகைக்கு எடுத்திருக்காங்க, சம்பாதிக்கிறதுல பாதி அதுக்கே போகுது. லோதி எஸ்டேட் தமிழ் ஸ்கூல்ல பத்தாவது படிக்கிற பையனை நடுவுல எங்க கொண்டு போய் சேக்கறது, சொல்லுங்க. ஊருக்கு திரும்புறவங்களுக்கு உதவி பண்றோம்னு தமிழ்நாடு கவர்மெண்ட் சொன்னது, நல்ல மனசுதான், ஆனா விழுப்புரம் பக்கம் வேலை இருந்திருந்தா தாத்தா காலத்துல எதுக்கு ரயில் ஏறுனாங்க?

முடியாத காரியமும் இல்ல இது. தெற்கு டெல்லி கல்காஜில பூமிஹீன் கேம்ப்ங்கிற குடிசைப் பகுதி ஆளுங்களுக்கு அங்கயே பக்கத்துல 3,024 ஃபிளாட் கட்டி 2022 நவம்பர்ல சாவி குடுத்தாங்க. அங்க குடி போனவங்க பழைய வீடுகளுக்கே வேலைக்கு போகலாம். டெல்லி பாலிசிலயே 5 கிலோமீட்டருக்குள்ள குடுக்கணும், விதிவிலக்கான சூழ்நிலைலதான் அதைத் தாண்டலாம்னு இருக்கு. அந்த விதிவிலக்குல புகுந்து நரேலா வரைக்கும் போயிட்டாங்க.