முதலில் கரை, பிறகுதான் அறை: தீவுப் பயணம் குறித்த கேள்வி-பதில்

கடலூர், புதுச்சேரி வாசகர்கள் இந்த முறை அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை அந்தமானில் எங்கே தங்குவது என்பதைப் பற்றியவை. ஒன்று மட்டும் மாலத்தீவு.

கேள்வி: பொங்கல் லீவுக்கு அந்தமான் போகிறோம். நான், மனைவி, ஆறு வயதுப் பையன், எழுபதைத் தாண்டிய அப்பா அம்மா. ஹேவ்லாக் தீவில் மூன்று இரவு. விஜயநகர் கடற்கரையில் ஒரு ரிசார்ட் கிடைக்கிறது. கதவைத் திறந்தால் மணல் என்கிறார்கள். பையன் நாள் முழுக்கத் தண்ணீரில்தான் கிடப்பான். எடுத்துவிடலாமா? – மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: பையனுக்காகத்தான் எடுக்கிறீர்கள் என்றால் கொஞ்சம் பொறுங்கள். விஜயநகர் தீவின் கிழக்குக் கரை. அங்கே கடல் நாளுக்கு இரண்டு முறை வெகுதூரம் உள்வாங்கும். வற்றிய நேரத்தில் அறை வாசலில் இருப்பது தண்ணீர் அல்ல. செத்த பவளப் பாறையும் சேறும் கணுக்கால் அளவுக் குட்டைகளும்தான். அதில் நீந்த முடியாது, வெறுங்காலோடு நடந்தால் கால் கிழியும்.

நம் ஊர்க் கடலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடாது. தேவனாம்பட்டினத்திலும் புதுச்சேரியிலும் ஓதத்தின் (கடல்நீர் ஏறி வற்றுவதன்) ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். காலையில் பார்த்த கரைதான் மாலையிலும். போர்ட் பிளேர் பக்கம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அது சுமார் 2 மீட்டர். கரையோரம் தட்டையான பவளத் திட்டாக இருப்பதால், இரண்டு மீட்டர் இறங்கினாலே தண்ணீர் நூறு, இருநூறு மீட்டர் தள்ளிப் போய்விடுகிறது. (கடல் உள்வாங்குகிறதே என்று 2004 சுனாமியை நினைத்துப் பதற வேண்டாம். இது தினமும் நடப்பது, மெதுவாக நடப்பது.)

மேற்குக் கரையில் இருக்கும் ராதாநகரில் இந்தத் தொல்லை இல்லை. அடி மணல், சரிவு மெதுவானது, எந்த நேரமும் இறங்கலாம், உயிர்காப்பாளர்களும் உண்டு. ஆனால் அங்கே தங்கும் இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, விலையும் அதிகம். படகுத்துறையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர். இருட்டியபின் சாப்பாட்டுக்கு ரிசார்ட்டை விட்டால் வேறு வழி குறைவு.

உங்கள் குடும்பத்துக்கு எங்கள் யோசனை இது: கிழக்குக் கரையிலேயே தங்குங்கள், ஆனால் படகுத்துறைக்கும் கடைத்தெருவுக்கும் பக்கமான கோவிந்தநகர்ப் பகுதியில். அப்பா அம்மாவுக்குச் சாப்பாடு, மருந்துக் கடை எல்லாம் கிட்டத்தில் இருக்கும். பையனைத் தினமும் மதியம் இரண்டு மணிக்கு மேல் வண்டி வைத்து ராதாநகருக்குக் கூட்டிப் போங்கள். ஜனவரியில் அங்கே ஐந்து மணி வாக்கில் பொழுது சாய்ந்துவிடும். நம் ஊர்க் கணக்கில் ஆறு மணிக்குப் போய் நின்றால் இருட்டைத்தான் பார்க்கலாம். ஆட்டோவைப் போக வர, காத்திருக்கவும் சேர்த்து முன்பே பேசிவிடுங்கள். திரும்பும் நேரத்தில் அங்கே தேடினால் சொன்னதுதான் விலை.

புக் செய்யும் முன் ஒரு வேலை பாக்கி. நாட்காட்டியில் உங்கள் தேதிக்குக் கிட்ட அமாவாசையோ பௌர்ணமியோ வருகிறதா என்று பாருங்கள். வந்தால் வற்று அதிகம். பிறகு போர்ட் பிளேருக்கான ஓத அட்டவணையை இணையத்தில் எடுத்து, அந்த நாட்களில் நீர் ஏறி நிற்கும் மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையே ஆறு மணி நேரம் சொச்சம். ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஏற்றம் காலை எட்டு, ஒன்பது மணிக்கு விழுகிற நாட்களில் விஜயநகர் கரையே குளம் மாதிரி, குழந்தைக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஏற்றம் நடு மதியத்தில் விழுந்தால் உச்சி வெயிலில்தான் குளியல்.

முதலை பற்றியும் ஒரு வார்த்தை. உப்புநீர் முதலைகள் அந்தமானின் கழிமுகங்களிலும் அலையாத்திக் காடுகளிலும் உண்டு. 2010-ல் ராதாநகரை ஒட்டிய சிறு குடாவில் ஒரு வெளிநாட்டுப் பயணி முதலை தாக்கி இறந்தார். எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடம், ஓடை கடலில் சேரும் இடம், ஆள் நடமாட்டம் இல்லாத மூலை – இந்த மூன்றிலும் பையனை இறக்காதீர்கள்.

கேள்வி: ஹேவ்லாக்கில் மூன்று இரவு. ஒரே ரிசார்ட்டில் 'கார்டன் வியூ' அறை ரூ.7,400, 'சீ வியூ' ரூ.7,900. ஐந்நூறு ரூபாய்தானே வித்தியாசம், கடல் பார்த்த அறையையே எடுக்கலாம் என்கிறார் என் கணவர். – முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: வித்தியாசம் ஐந்நூறு இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல், ஓர் இரவுக்கு ரூ.7,500 வரையுள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5%. அதைத் தாண்டினால் 18%. ரூ.7,400 அறைக்கு வரியோடு ரூ.7,770. ரூ.7,900 அறைக்கு ரூ.9,322. இரவுக்கு ரூ.1,552 கூடுதல்; மூன்று இரவுக்கு ரூ.4,656. அந்தப் பணத்தில் ஸ்நார்க்கலிங்கே முடித்துவிட்டு வரலாம். காலை உணவையும் சேர்த்து ஒரே விலையாகப் போடும்போது அந்த மொத்தம் ரூ.7,500-ஐத் தாண்டுகிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து, அந்த 'வியூ' என்ன காட்டுகிறது? விளம்பரத்தில் வரும் சொற்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு நீள அகலம் உண்டு. 'பீச் ஃப்ரன்ட்' என்றால் ரிசார்ட்டின் எல்லை மணலைத் தொடுகிறது. உங்கள் அறை தொடுவதாகப் பொருள் இல்லை. 'சீ வியூ' என்றால் எங்கிருந்தோ கடல் தெரியும். நடுவில் தென்னையோ இன்னொரு கட்டடமோ இருக்கலாம். 'பீச் அக்சஸ்' என்றால் நடந்து போக வழி உண்டு, சில இடங்களில் ரோட்டைக் கடந்து. புதுச்சேரிக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை: கடற்கரைச் சாலை அறைக்கு முன்னால் இருப்பது கருங்கல் குவியல்தானே.

வரைபடத்தின் செயற்கைக்கோள் படத்தில் ரிசார்ட்டைப் பெரிதாக்கி, அறைக் கூரையிலிருந்து மணல் விளிம்புவரை தூரத்தை அளந்து பாருங்கள். பிறகு ரிசார்ட்டின் படங்களை விட்டுவிட்டு, தங்கியவர்கள் போட்ட படங்களை மட்டும் தேதி வாரியாகப் பாருங்கள். ரிசார்ட்காரர் எப்போதும் நீர் ஏறிய நேரத்தில்தான் படம் எடுப்பார். கிழக்குக் கரை என்றால் கார்டன் அறையே போதும்.

கேள்வி: எங்கள் விமானம் காலை 11.30-க்குப் போர்ட் பிளேர் போய்ச் சேரும். அன்றைக்கே ஹேவ்லாக் போய்விட்டால் ஓர் இரவு அறை வாடகை மிச்சம். திரும்பும் நாளும் காலைப் படகில் வந்து மதிய விமானத்தைப் பிடிக்கலாம் என்று திட்டம். சரிதானே? – நெல்லிக்குப்பம்

பதில்: போகும்போது செய்யலாம். திரும்பும்போது செய்யக் கூடாது.

சென்னையிலிருந்து விமானம் சுமார் இரண்டேகால் மணி நேரம். தனியார் படகில் ஹேவ்லாக் ஒன்றரை மணி நேரம், அரசுப் படகில் இரண்டரை மணி நேரம் சொச்சம். மதியம் இரண்டு மணிக்குப் படகு இருந்தால் கணக்குச் சரியாகத்தான் வரும். விமானம் ஒரு மணி நேரம் தாமதமானால் படகு டிக்கெட்டும் ஹேவ்லாக் அறையின் முதல் இரவும் சேர்ந்து போகும். தவிர, நெல்லிக்குப்பத்திலிருந்து நள்ளிரவே கிளம்பி மீனம்பாக்கம் வந்தவர்கள் அன்றைக்கே படகிலும் ஏறினால், அலையில் வயிற்றைப் பிரட்டுவதற்குக் கேட்க வேண்டாம்.

திரும்பும்போது கடல் கொந்தளித்தால் படகை நிறுத்திவிடுவார்கள், அடுத்த நாள் வரைகூட. படகு வராததற்காக விமானக் கம்பெனி பணம் தராது. கடைசி இரவு போர்ட் பிளேரில்தான். அந்த அறைக்கு அழகு தேவையில்லை; விமான நிலையத்துக்குப் பக்கமாக, சுத்தமான லாட்ஜ் போதும். தமிழ் பேசுபவர்கள் நிறைய இருக்கும் ஊர், இட்லிக்கும் பஞ்சமில்லை.

அறை தேடும்போது பெயர்க் குழப்பம் வரும். ஹேவ்லாக் தீவுக்கும் நீல் தீவுக்கும் 2018 முதல் ஸ்வராஜ் த்வீப், ஷஹீத் த்வீப் என்று பெயர்; போர்ட் பிளேருக்கு 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம். டிக்கெட்டில் ஒன்றும் வவுச்சரில் இன்னொன்றும் இருந்தால் தப்பாகப் புக் ஆகிவிட்டதோ என்று அலற வேண்டாம்.

கேள்வி: சின்ன பட்ஜெட். நீல் தீவில் மூங்கில் குடில்கள் மலிவாகக் கிடைக்கின்றன. என்ன கேட்டுக்கொண்டு எடுக்க வேண்டும்? – பண்ருட்டி

பதில்: போனில் பேசுங்கள், மெசேஜில் கேட்டால் எல்லாவற்றுக்கும் 'யெஸ்' என்றுதான் வரும். கரண்ட் போனால் ஜெனரேட்டர் எதை ஓட்டும் என்று கேளுங்கள்: பெரும்பாலும் விளக்கும் ஃபேனும்தான், ஏசி ஓடாது. அப்படியென்றால் ஏசிக்கு ஏன் கூடுதல் காசு? நல்ல காற்றோட்டமான, தரையிலிருந்து தூக்கிக் கட்டிய குடிலே ஜனவரியில் போதும். குளியலறைத் தண்ணீர் உப்பா என்று கேளுங்கள். கரையோரக் கிணற்று நீர் என்றால் கோடையில் உப்புத் தட்டலாம், சோப்பு நுரைக்காது. கொசுவலை கட்டில் முழுவதையும் மூடுமா, குளியலறைக்கு மேலே கூரை உண்டா, ரொக்கம் மட்டும்தான் வாங்குவார்களா என்றும் கேட்டுவிடுங்கள். தீவில் ஏடிஎம் குறைவு. பணத்தைப் போர்ட் பிளேரிலேயே எடுத்துக்கொண்டு போங்கள்.

மணல் ஈயைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள். கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, கடிக்கும்போதும் உறைக்காது. மறுநாள் கணுக்காலில் சிவப்புத் தடிப்பாக எழுந்து ஒரு வாரம் அரிக்கும். அழுகிய கடற்பாசி ஒதுங்கிய ஈர மணலில் காலையும் மாலையும் அதிகம். குடில் அப்படிப்பட்ட மணலின் மேலேயே இருந்தால் நீங்களே தேடிப் போய்க் கடி வாங்குவதுதான். பத்திருபது மீட்டர் உள்ளே தள்ளிய குடிலை எடுங்கள்; மணலில் நேராக உட்காராதீர்கள். காலில் தேங்காய் எண்ணெயைக் கனமாகத் தடவிக்கொண்டால் கடி குறையும்.

நீலில் பரத்பூர் கரை படகுத்துறைக்குப் பக்கம், லக்ஷ்மண்பூர் சூரியன் மறைவதற்கு, சீதாபூர் உதிப்பதற்கு. தீவே சின்னது, சைக்கிளில் சுற்றலாம். எங்கே தங்கினாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

கேள்வி: நவம்பரில் புயலால் படகு ரத்து. ஹேவ்லாக் ரிசார்ட்டுக்குப் போகவே முடியவில்லை. 'நான்-ரீஃபண்டபிள்' என்று சொல்லிப் பணம் தர மறுக்கிறார்கள். – வில்லியனூர்

பதில்: முழுப் பணத்துக்குச் சண்டை போடும் முன், வேறு தேதிக்கு மாற்றித் தரக் கேளுங்கள். ரிசார்ட்காரர் பணத்தைத் திருப்புவதைவிடச் சீசன் இல்லாத நாளில் ஓர் அறையைக் கொடுக்க எளிதில் சம்மதிப்பார். ரிசார்ட்டுக்கும் புக்கிங் தளத்துக்கும் ஒரே நாளில் மின்னஞ்சல் அனுப்புங்கள்; படகு ரத்தான குறுஞ்செய்தி, படகுத்துறை அறிவிப்பின் படம், வவுச்சர் மூன்றையும் இணையுங்கள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கைகாட்டினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையாவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். அந்தமானுக்கு அலைய வேண்டாம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஆனால் புக் செய்யும்போதே பெரிதாக எழுதியிருந்த நிபந்தனையை ஏற்றுக்கொண்டிருந்தால் உங்கள் பக்கம் பலம் குறைவு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை வங்கக்கடல் எப்படி நடந்துகொள்ளும் என்பது 'தானே' புயலைப் பார்த்த நமக்குத் தெரியும். அந்த மாதங்களில் ரத்து செய்யக்கூடிய அறை பத்து சதவீதம் கூடுதல் என்றாலும் அதைத்தான் எடுக்க வேண்டும்.

கேள்வி: மாலத்தீவில் இரவுக்கு 200 டாலர் என்று விளம்பரம். தேனிலவுக்குக் கட்டுப்படியாகுமா? – லாஸ்பேட்டை

பதில்: 200-ஐ 281 என்று படியுங்கள். சர்வீஸ் சார்ஜ் 10% சேர்ந்து 220. அதன் மேல் சுற்றுலா ஜிஎஸ்டி 17%, ஆக 257.40. பசுமை வரி ரிசார்ட்டில் ஆளுக்கு இரவுக்கு 12 டாலர், இரண்டு பேருக்கு 24. மொத்தம் 281.40. ரிசார்ட்டுக்குப் போகும் படகோ கடல் விமானமோ தனி, சில இடங்களில் அதுவே அறையைவிடக் கனம். கடல் விமானம் பகலில் மட்டுமே பறக்கும். மாலே போய்ச் சேர மாலையாகிவிட்டால் அங்கே ஓர் இரவு தங்க வேண்டிவரும்.

மக்கள் வாழும் தீவில் சிறிய கெஸ்ட் ஹவுஸ் எடுத்தால் பசுமை வரி ஆளுக்கு 6 டாலர்தான். 60 டாலர் அறை எல்லாம் சேர்த்து 89 டாலர் சொச்சம். அங்கே மது கிடையாது. நீச்சல் உடைக்கென்று ஒதுக்கிய கரை தனியாக இருக்கும். அது அறையிலிருந்து எத்தனை நிமிட நடை என்று கேட்டுவிட்டு முன்பணம் கட்டுங்கள்.